குதிக்காத சென்டர்

ஜூலை 8, செவ்வாய்

ஆடி பிறக்கும் முன்பே ஆடிக்காற்று. கிரவுண்டில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வடக்குப் பக்கத்து போர்டு ஆடுகிறது. வாட்ச்மேனிடம் போல்ட்டை முறுக்கச் சொல்ல வேண்டும் (மூன்றாவது தடவை).

ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் கூடைப்பந்து அணிக்கு நம் மாவட்டத்திலிருந்து சென்டர் ஆடுகிற ஒரு பிள்ளையின் பெயர் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு இடம். திங்கட்கிழமை கடைசி. பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நானும் முருகேசன் சாரும். ஒத்துப்போகாவிட்டால் சீனியர் என்ற முறையில் என் பேச்சுதான் நிற்கும்.

மு. சார் இன்று ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார். யோகேஸ்வரி, பிளஸ் ஒன், ஓடைப்பட்டி. ஆறடி ஒரு அங்குலம். நான் ஐந்தடி. அவள் டீ-ஷர்ட்டில் இருந்த பூனைப் படத்தோடுதான் பேசினேன். இதற்கு முன் த்ரோபால். கூடைப்பந்து பிடித்து நாலைந்து மாதம்தான் ஆகிறதாம்.

"இப்படி ஒரு பிள்ள நம்ம பக்கம் வந்ததே இல்ல மிஸ். கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்றார் மு. சார்.

கண்ணை மூடிக்கொண்டு என்று யாராவது சொன்னால் எனக்கு இருக்கிற இரண்டு கண் போதாது. அவர் கூடலூரில் கோச்சிங் நடத்துகிறவர். சொந்த ஊர்ப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடைப்பட்டிப் பிள்ளை மேல் என்ன அவ்வளவு அக்கறை?

பார்த்தவை:

கை நல்ல கை. எப்படி எறிந்தாலும் சத்தமில்லாமல் விரலில் வாங்குகிறாள்.

முதுகைக் கொடுத்து ஆளைத் தள்ளி இடம் பிடிக்கிறாள். அசைக்க முடியவில்லை.

வளையத்துக்கு அடியில் போகும்போதெல்லாம் தலையைக் குனிகிறாள். வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. எதற்குக் குனிவது?

குதிப்பதில்லை. ஒரு தடவைகூட.

கடைசி விஷயம்தான் உறுத்துகிறது. போர்டில் பட்டுத் திரும்புகிற பந்தை மேலே போய்ப் பறிக்கிறவள்தான் சென்டர். இங்கே எல்லாம் குட்டைப் பிள்ளைகள், இவள் நின்றபடியே எடுத்துவிடுகிறாள். ஹாஸ்டலில் எல்லோரும் இவள் உயரம். குதிக்காதவள் அங்கே வெறும் தூண்.

மாவு புளிக்கவில்லை. நாளைக்கும் உப்புமா.

ஜூலை 9, புதன்

சாரல். கோர்ட் வழுக்கியது. வராண்டாவில் குதிக்கிற டெஸ்ட் மட்டும் வைத்தேன். கையில் சாக்பீஸ், குதித்து, எட்டுகிற உயரத்தில் சுவரில் கோடு போட வேண்டும். எல்லோரும் குதித்தார்கள். யோ. மட்டும் குதிகாலைத் தூக்கி நின்று ஒரு கோடு இழுத்தாள். அதுவே எல்லாக் கோட்டுக்கும் மேலே. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"குதி."

"முடியல மிஸ்."

"முடியலையா, மாட்டியா?"

தரையைப் பார்த்தாள்.

மற்றவர்கள் ஷார்ட்ஸ், இவள் மட்டும் டிராக் பேண்ட். முட்டியில் ஏதோ கோளாறு. ஆபரேஷன் தழும்பாக இருக்கலாம். மறைக்கிறார்கள். மு. சாருக்குத் தெரியாமலா இருக்கும்? பழுதான முட்டியை என் கையெழுத்தோடு அனுப்பி, அங்கே போய்ப் படுத்துக்கொண்டால் பெயர் கெடுவது யாருக்கு? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவள் பயப்படுகிறாள். நன்றாகவே தெரிகிறது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நீ மாவு மில்லுக்குப் போனாலும் அரைச்சு முடியிற வரைக்கும் பக்கத்துலயே நிப்ப" என்றார். நிற்பேன்தான். போன தீபாவளிக்கு அடுத்த ஆளின் கம்பு நம் மாவில் கலந்ததே, அது யார் நின்று கண்டுபிடித்தது?

ஜூலை 10, வியாழன்

யோ.வைத் தேனிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே. அவள் அம்மாவிடம் போனில் கேட்டேன். "பாத்துட்டு வாங்க டீச்சர்" என்று உடனே வைத்துவிட்டார். ஏன் என்று ஒரு கேள்விகூட இல்லை. அதுவும் சரியாகப் படவில்லை.

பஸ்ஸில் கம்பியில் தலை இடித்தது. கண்டக்டர்: "தங்கச்சி, பாத்து. கம்பி வளைஞ்சுறப் போகுது." யாரும் சிரிக்கும் முன்பே அவளே சிரித்துவிட்டாள். பழக்கம் போல.

தழும்பு இல்லை. டாக்டர் படத்தைப் பார்த்தார். "ரெண்டு முட்டியும் அருமையா இருக்கு. உங்களுக்குத்தான் ஒரு படம் எடுக்கணும், படியேறும்போது பாத்தேன்." படத்தில் எழுதியிருந்த பெயரை நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மாறியிருக்கலாம் இல்லையா. மாறவில்லை.

பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடும்போது கேட்டாள்.

"முட்டி நல்லா இருந்தா எடுத்துருவீகளா மிஸ்?"

"ஹாஸ்டல் மேல அவ்வளவு ஆசையா?"

"ஆமா மிஸ். வீட்டுல, தோட்டத்துல, எங்கன போனாலும் குனிஞ்சேதான் இருக்கேன். அங்கன எல்லாரும் என்னைய மாதிரி இருப்பாகன்னு சார் சொன்னாரு."

பொய் சொல்கிற முகம் இல்லை. "அப்ப குதி" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முட்டி நன்றாக இருக்கிறது, ஆசையும் இருக்கிறது, குதிக்க மாட்டாள். அப்படியானால் இது உடம்புக் கோளாறு இல்லை. வேறு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

எனக்கு: முட்டித் தைலம், சோப்பு, கேஸ் புக் பண்ண.

ஜூலை 11, வெள்ளி

பிராக்டிஸுக்கு நடுவே மு. சார் போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். மலையாளம். "செவ்வாழ்ச்ச கொண்டு வராம்... நல்ல உயரம் உண்டு... பேடிக்கண்டா." செவ்வாய்க்கிழமை கொண்டு வருகிறாராம், நல்ல உயரமாம், பயப்பட வேண்டாமாம். குமுளிக்கு அந்தப் பக்கம் ஏதாவது கிளப்பாக இருக்கும். இங்கே யோ.வைக் குதிக்க விடாமல் நம்மிடம் ஃபெயிலாக்கிவிட்டு, அந்தப் பக்கம் தள்ளிவிடுகிற திட்டமோ? அப்படியானால் என்னிடம் எதற்காகக் கூட்டி வந்தார்? என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைக்கத்தான்.

தலைவலி. சீக்கிரம் படுத்தேன்.

ஜூலை 12, சனி

நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். மு. சார் முழித்தார். அப்புறம் போனைத் திறந்து ஒரு ஆட்டுக்கிடாயின் படத்தைக் காட்டினார். குமுளியில் ஒருவருக்கு விற்கிறாராம். கிடா நிஜமாகவே நல்ல உயரம்.

"யோகேஸ்வரி ஏன் குதிக்க மாட்டேங்குறா சார்?"

"எனக்கும் தெரியல மிஸ். கேட்டா அழுகுறா. நீங்க கேட்டா சொல்லுவாளோன்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

அவரை நம்பலாம் போலிருக்கிறது. எதற்கும் நாளைக்கு ஓடைப்பட்டி போகிறேன், சொல்லாமல்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் ஸ்கூட்டியில் கிளம்பினேன். திராட்சை வாங்க வந்ததாகச் சொல்லத் திட்டம். அவளும் அம்மாவும் வேலை செய்கிற தோட்டத்தை விசாரித்துப் போனபோது அறுப்பு நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பந்தலுக்குள் நிமிர்ந்து நடக்க வசதி. யோ. கழுத்தை மடக்கி, இரண்டு கையையும் மேலே நீட்டி, கொத்து கொத்தாக விரலில் தாங்கி அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பழம் உதிரவில்லை. வளையத்துக்கு அடியில் ஏன் குனிகிறாள் என்பது புரிந்தது. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்தது.

அடுத்த நிமிடம் தலையில் பெட்டியோடு வந்தாள். வழியில் வாய்க்கால். நானாக இருந்தால் இறங்கி ஏறுவேன். ஒரே தாவு. பெட்டி அசையவில்லை, இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் திராட்சை வாங்க வந்தது மறந்துவிட்டது.

"ஏ புள்ள, இங்கன வா. அங்கன முடியலன்னு சொன்ன. இது என்னது?"

"இது வாய்க்கா தாண்டுறது மிஸ்."

"பந்துக்கு என்ன கேடு?"

அழுதுவிட்டாள். "பந்துக்குக் குதிக்க மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன் மிஸ். அப்படின்னாத்தான் வெளையாட விடுவேன்னு சொல்லுச்சு. மீறுனா அதுக்கு ஏதும் ஆயிருமே."

அவள் அம்மா கத்தரிக்கோலோடு வந்தார். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை.

"ஆமா டீச்சர், நான்தான் சொன்னேன். நிலைப்படி இடிக்கிது, பந்தல் இடிக்கிது, பஸ்ஸு இடிக்கிது. குதிச்சா, தொங்குனா வளத்தி கூடும்னு ஊருக்கே தெரியும். இதுக்கு மேலயும் வளந்தா நாளைக்கு எவன் வீட்டுல போயி மாப்பிள்ள கேப்பேன்? வெளையாடட்டும், நான் வேணாங்கல. தரையில நின்னு வெளையாடட்டும்."

சிரிக்க முடியவில்லை. ஆறாம் வகுப்புக் குட்டைப் பிள்ளைகளிடம், குதிங்கடி, வளருவீங்க என்று வருஷா வருஷம் நானே சொல்கிறேன்.

"அதெல்லாம் சும்மாங்க. நான் இவ வயசுக்கு முன்னாடி இருந்தே குதிக்கிறேன். என்னைப் பாருங்க."

அந்த அம்மா என்னை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தார். அதிக நேரம் ஆகவில்லை.

"நீங்க சரியாக் குதிச்சிருக்க மாட்டீக."

சந்தேகப்படுவதில் எனக்கு மேல் ஒருத்தியை இன்றுதான் பார்த்தேன். "எங்க, குதிச்சுக் காட்டுங்க" என்றார். அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். செருப்பைக் கழற்றினேன். மோட்டார் ரூம் கூரை விளிம்பைத் தொடுவதாகச் சொல்லிக் குதித்தேன். எட்டவில்லை. மறுபடியும். மூன்றாவதில் விரல் நுனி பட்டது. முட்டி கத்தியது, நானும் கத்தினேன். "ஆத்தாடி, தரையில இருந்து எம்புட்டு மேல போறாக!" என்று யாரோ சொன்னார்கள். இந்த வயதிலும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் உயரத்தை இன்னொரு தடவை கண்ணால் அளந்தார். மகளின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து எடுத்துவிட்டார்.

"நான் வாங்குன சத்தியத்த நானே எடுத்துக்கிட்டேன். போ, குதி. டீச்சர், இன்னும் வளந்துட்டான்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை. திராட்சை கொடுத்தார்கள். புளிப்பு.

ஜூலை 14, திங்கள்

காற்று இல்லை. நல்ல வெளிச்சம். கம்பத்திலிருந்து வந்த அணியோடு மேட்ச் வைத்தோம்.

படுமோசம். யோ. எல்லாப் பந்துக்கும் குதித்தாள். எல்லாமே முன்கூட்டி. அவள் கீழே வரும்போதுதான் பந்து மேலே வருகிறது. ஒன்று நெற்றியில் அடித்தது. ஒரு சின்னப் பிள்ளை மேல் விழுந்து ஃபவுல். முதுகைக் கொடுத்து இடம் பிடிக்கிறதையும் மறந்துவிட்டாள். நின்று ஆடியபோது எடுத்த பந்தில் பாதிகூட எடுக்கவில்லை. விசில் ஊதிய பிறகும் குதித்தாள். ஆளில்லாத இடத்தில் நின்று குதித்தாள். கடைசியில் மு. சார் பார்க்க மாட்டாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

முடியும் தறுவாயில் ஒரு பந்து போர்டில் பட்டது. யோ. இரண்டு காலையும் ஊன்றிக் கிளம்பினாள். நேராகப் போனாள், போய்க்கொண்டே இருந்தாள். கை வளையத்துக்கு ஒரு சாண் கீழே வரைக்கும். பந்து அங்கே இல்லை, முன்னமே யாரோ எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. தலையும் குனியவில்லை.

மு. சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் தப்பா நெனச்சுட்டேன் மிஸ். இன்னும் ஒரு வருஷம் போகட்டும். கம்பத்து அணி சென்டர் பிள்ளைய அனுப்புவோம், ஒழுங்கா ஆடுறா."

"இவதான் போறா" என்றேன்.

"இன்னைக்கு ஒரு பந்துகூட ஒழுங்கா எடுக்கலையே. எதை வச்சு மிஸ் சொல்றீங்க?"

எதை வைத்து? காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஸ்கோர் இல்லை, எக்ஸ்ரே இல்லை. ஒரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன்.

அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ள உங்களுக்குச் சொந்தமா மிஸ்?"