இறந்ததாகப் பதியப்பட்ட 4417ஆம் இலக்கப் பசு

அனுப்புநர்:
திருமதி அழகன் சுதர்ஷினி,
மூன்றாம் லயம், கீழ்ப்பிரிவு,
கல்லுமலைத் தோட்டம், நோர்வூட்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
நிறைபால் கறவைப் பசுத் திட்டம்,
பிராந்திய அலுவலகம், ஹட்டன்.

விடயம்: உயிரோடிருக்கும் பசுவை இறைச்சிக்கு விற்றதாக என் கணவர் மீது வந்துள்ள குற்றச்சாட்டையும், அதே பசுவை அகற்றச் சொல்லும் அறிவித்தலையும் நிறுத்திவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி தோட்டத்தில் பதினாறு வருடங்களாகக் கொழுந்து பறிப்பவள். பால்மாவுக்காக நாடே வரிசையில் நின்ற காலம் தங்களுக்கு நினைவிருக்கும். அந்த வரிசையில் கைக்குழந்தையோடு நின்று வெறுங்கையோடு திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. இனி வெளிநாட்டு மாவை நம்பியிருக்கக் கூடாது, லயத்துக்கு லயம் கறவைப் பசு வேண்டும் என்று தங்கள் திட்டம் வந்தபோது, எங்கள் பிரிவில் முதலாவதாகப் பெயர் கொடுத்தது நாங்கள்தான். 2023 ஆகஸ்டில் 4417ஆம் இலக்கப் பசு கிடைத்தது. செவலை என்று கூப்பிடுகிறோம். நாளுக்குப் பதினான்கு போத்தல் பால் கறந்தது. பிளேன்டீ மட்டுமே குடித்து வளர்ந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் பால் தேநீர் குடித்தார்கள். அதற்காகத் தங்களுக்கு இன்றும் நன்றியுள்ளவளாக இருக்கிறேன்.

2. நடந்த தவறை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாட்டுப் பொங்கலன்று பழைய கழுத்துக் கயிறு, மணிக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிது கட்டுவது எங்கள் வழக்கம். அன்று மாட்டின் உடம்பில் பழையது எதுவும் இருக்கக் கூடாது. செவலையின் காதில் திட்டத்தார் குத்தியிருந்த மஞ்சள் இலக்கத் தகட்டைச் சுற்றிப் புண் வைத்து ஈ மொய்த்தது. "நல்ல நாளும் அதுவுமா புண்ணோட நிக்குதே புள்ள, பாக்க முடியல" என்று சொல்லி, என் கணவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் தகட்டை அறுத்தெடுத்து, புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போட்டார். பழைய கயிறுகளை ஆற்றில் விட்டோம். தகடு அரசாங்கப் பொருள் என்பதால் அதை மட்டும் கழுவி, சாமி படத்தடியில் பத்திரமாக வைத்தோம்.

3. ஜனவரி 29ஆம் திகதி தங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் வந்தார். செவலை சினையாக இருப்பதால் பால் வற்றவிட்டிருந்தோம். ஆகவே பால் நிலையப் புத்தகத்தில் எங்கள் பெயருக்கு நேரே மூன்று கிழமையாக ஒன்றுமில்லை. தகடு எங்கே என்று கேட்டார். என் கணவர் ஓடிப்போய் எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார். அது நாங்கள் செய்த இரண்டாவது தவறு. மாடு செத்தால் அல்லது வெட்டப்பட்டால்தான் தகடு அறுபட்டு வரும் என்பது திட்டத்தின் விதியாம். பாலும் இல்லை, தகடும் அறுந்திருக்கிறது, எனவே இறைச்சிக்கு விற்கப்பட்டது என்று எழுதிவிட்டார். ஐயா, அவர் எழுதும்போது செவலை அவருடைய தோள்பையை முகர்ந்துகொண்டு நின்றது. "நம்பர் இல்லாத மாட்ட நான் எப்புடிம்மா 4417னு எழுதுறது, என் வேல போயிரும்" என்றார். தகட்டைத் திருப்பித் தந்து, விசாரணைக்கு வரும்போது கொண்டுவரச் சொன்னார்.

4. இப்போது இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. பசுவை விற்ற குற்றத்துக்காக என் கணவர் இம்மாதம் 21ஆம் திகதி பொலிஸ் நிலையத்துக்கு வரவேண்டும் என்கிறது ஒன்று. திட்டம் கட்டித்தந்த கொட்டிலில் பதிவில்லாத மாடொன்று நிற்கிறது, 24ஆம் திகதி அது லொறியில் அகற்றப்படும் என்கிறது மற்றது. வெட்டப்பட்ட மாடும் அகற்றப்படும் மாடும் ஒரே மாடு ஐயா. இதை யாரிடம் சொன்னாலும் அடுத்த மேசைக்குப் போகச் சொல்கிறார்கள்.

5. பசுவோடு திட்டம் தந்த பசு அட்டையில் படம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வழங்கும் விழாவில் எடுத்த படம் அது. மாலை போட்ட பெரியவர்கள் ஒன்பது பேர் சிரிக்கிறார்கள், ஓரத்தில் செவலையின் வால் மட்டும் தெரிகிறது. நோர்வூட்டில் தீவனக் கடை வைத்திருக்கும் ஹுசைன் நானா எங்களுக்காக அலுவலகம் வரை வந்தார். "மாடில்லாத வீட்டுக்கா கெழமைக்குக் கெழம புண்ணாக்கு போகுது?" என்று கேட்டார். கடைக்காரர் சொல்வது அத்தாட்சியாகாது என்று அனுப்பிவிட்டார்கள்.

6. பொங்கல் வைத்த கையாலேயே கத்திக்குக் கொடுத்தவன் என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் என் கணவரைப் பேசுகிறார்கள். அவர் வேலைக்குப் போவதில்லை. சோறு இறங்குவதில்லை. ரோட்டில் எந்த லொறிச் சத்தம் கேட்டாலும் கொட்டிலுக்கு ஓடிப்போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

7. கடைசியாக ஒன்று கேட்கிறேன். 2024 ஜூன் 5ஆம் திகதி செவலைக்குச் சினை ஊசி போட்ட துண்டு என்னிடம் இருக்கிறது. அதில் 4417 என்ற இலக்கமும், மார்ச் 15ஆம் திகதியளவில் கன்று பிறக்கும் என்பதும் தங்கள் ஆட்களின் கையெழுத்திலேயே உள்ளன. அதைக் காட்டியபோது, அந்தத் துண்டு செத்த மாட்டுக்குரியது என்றார்கள். வேறொரு மாட்டைக் கொண்டுவந்து கட்டியிருந்தால், நீங்கள் எழுதிவைத்த கணக்குக்கு அது கன்று போடுமா? ஒரு மாதம் மட்டும் பொறுங்கள். சொன்ன காலத்தில் கன்று பிறக்காவிட்டால், மாட்டைக் கொண்டுபோங்கள். என் கணவரை நானே பொலிசுக்கு அழைத்துவருகிறேன்.

இப்போது லொறியில் ஏற்றினால், இந்த மலை ரோட்டுக் குலுக்கலில் நிறைமாத மாடு கன்றைத் தள்ளிவிடும். எங்கள் பக்கம் சாட்சி சொல்ல மிச்சமிருப்பது அந்த ஒரு உயிர்தான். அது பிறக்கும்வரை லொறியை அனுப்பாதிருக்கும்படி தங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் கொட்டில் வாசலில் காத்திருக்கும்,
அ. சுதர்ஷினி
(ஒப்பம்)

இடம்: நோர்வூட்
திகதி: 2025.02.17

இணைப்பு: சினை ஊசித் துண்டின் பிரதி, பசு அட்டையின் பிரதி. தகட்டை இணைக்கவில்லை. அதை இன்னொரு முறை யாரிடமும் கொடுக்க எங்களுக்குத் தைரியமில்லை.