மருந்து டப்பிகளில் ஒட்டிய கோடுகள்

இன்று காலை கூரியரில் வந்த பெட்டியிலிருந்து ஸ்டிக்கரை உரித்தபோது அந்தப் பசை வாசனை வந்தது. பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்துவிட்டேன். நண்பா, கரமனையில் உன் வீட்டு முன்னறை முழுக்க இந்த வாசனை நிறைந்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் உன் கண்களைக் கொண்டுபோனபோது உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலை. முதலில் மெல்லிய கோடுகள் மறைந்தன என்றாய், பிறகு தடித்தவையும். வேலை போனதற்குக்கூட நீ புலம்பவில்லை. ஒருநாள் டப்பி மாறி, சர்க்கரை மாத்திரையை இரண்டாம் முறையும் விழுங்கி மயங்கி விழுந்தாயே, அதற்குப் பின்தான் உடைந்துபோனாய். உன் மனைவி மருந்தையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வேளைக்கு வேளை உன் உள்ளங்கையில் மாத்திரை வைத்தாள். உன்னைத் தனியே விடப் பயந்து, தெருமுனைக் கோவிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

நான் அப்போது ஆரியசாலை மொத்தக் கடைகளுக்கு, சாமானில் ஒட்டிய பார்கோடை வாசித்து பில் போடும் கம்ப்யூட்டர் நிரல்கள் எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது நீ குறுக்கிட்டாய்.

"கடைச் சாமானுக்கெல்லாம் கோடு ஒட்டறயே, என் மருந்துக்கு ஒட்டப்படாதா? அந்த மிஷின் வாசிச்சுச் சொல்லட்டுமே."

சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஆனால் அந்த யோசனை என்னை விடவில்லை. எழுத்தையோ எண்ணையோ தட்டினால், ஒவ்வொன்றுக்கும் உரிய மெல்லிய, தடித்த கோடுகளை வரிசையாக வரைந்து படமாக்கித் தரும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். இரு ஓரமும் வெள்ளை இடம் விட மறந்ததால் முதலில் ஸ்கேனர் எதையும் வாசிக்கவில்லை. அதைச் சரிசெய்ததும் காகிதத்தில் அச்சிட்டதெல்லாம் ஒழுங்காக வாசித்தது. என் பழைய கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் ஆட்டோவில் ஏற்றி உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டப்பிகளில் ஸ்டிக்கர் ஒட்டினால், மறுபடியும் ஒன்றுமில்லை. நான் நிரலைக் குடைய ஆரம்பித்தேன். நீ டப்பியைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டிருந்தாய்.

"கோடெல்லாம் நிக்கறதா, படுத்துண்டிருக்கா?"

"நிக்குது."

"பின்னே எப்படி வாசிக்கும்? வரிசை டப்பியைச் சுத்தி வளைஞ்சு போறது. ஓரத்துக் கோடெல்லாம் முதுகுப் பக்கம் ஒளிஞ்சுக்கும். படத்தைத் திருப்புடா. ஏணிப்படி மாதிரி ஒண்ணுமேல ஒண்ணா வரட்டும்."

திருப்பி அச்சிட்டேன். முதல் டப்பியிலேயே 'பீப்' என்றது. நீ என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாய்.

சமையலறை வாசலில் நின்ற உன் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ஏன்னா, நான் எடுத்துத் தரது ஒங்களுக்குப் பிடிக்கலையா?" என்றாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இத்தனை நாளும் நான் உன்னைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன்.

நீ அவள் பக்கம் திரும்பினாய். "பிடிக்காம என்ன? நீ உள்ளபோது நீயே எடுத்துத் தா. ஆனா அக்காவைப் பாத்து எத்தனை நாளாச்சு உனக்கு? போனா சாவகாசமா இருந்துட்டு வரணும், கேட்டோ. அதுக்குத்தான் இது."

பிறகு என்னிடம், "டேய், அதுல பேசற குரல் ஒண்ணு வேணுமே. இவளோட குரலா இருக்கட்டும்" என்றாய்.

மைக்கின் முன் உட்கார மாட்டேன் என்று நெடுநேரம் மறுத்தவள், கடைசியில் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு மருந்தின் பேரையும் வேளையையும் சொன்னாள். ஒரு டப்பிக்கு, நான் எழுதிக் கொடுத்ததற்கு மேல், "மோர் குடிச்சுட்டுப் போட்டுக்கணும்" என்று சேர்த்துக்கொண்டாள். அதை வெட்ட வேண்டாம் என்றாய்.

அடுத்த மாதம் அவள் நாகர்கோவிலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். போகும் முன் அலமாரிச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம். அன்று மத்தியானம் என் அலுவலகத்துக்கு உன் போன் வந்தது. நான் பதறி, "என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. பேசாம கேளு."

ரிசீவரில் 'பீப்' சத்தம். பின், ஊரில் இல்லாத உன் மனைவியின் குரல்: "மத்தியான மாத்திரை. மோர் குடிச்சுட்டுப் போட்டுக்கணும்." டம்ளர் வைக்கும் ஓசை. டப்பி மூடியைத் திருகும் சத்தம்.

"எடுத்துண்டாச்சு. போதும், போனை வை" என்றாய்.

அதற்குப் பிறகும் சில வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் உன் முன்னறையில் ஓடியது. சிறுநீரகமும் கைவிட்டு நீ போன அன்று நான் ஊரில் இல்லை. உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. நான் எழுதிய பெரிய நிரல்கள் எதுவும் இன்று உபயோகத்தில் இல்லை. அதற்காக வருத்தமும் இல்லை. இப்போதும் ஒருவருக்காக எதையாவது செய்ய உட்கார்ந்தால், அவர் வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். "எடுத்துண்டாச்சு" என்று அன்று சொன்னாயே, அதில் இருந்த மிடுக்கை வேறு எவர் குரலிலும் நான் கேட்டதில்லை.