எஸன்ஸ் புட்டியில் தைலம்

நேற்று மகள் வீட்டில் பேத்தியோடு சேர்ந்து கேக் செய்தோம். மாவில் ஊற்றுவதற்கு முன் எஸன்ஸ் புட்டியைத் திறந்து திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தேன். "லேபிள்தான் ஒட்டியிருக்கே மம்மி" என்று மகள் சிரித்தாள். அவளுக்கு அந்த நாள் நினைவில்லை. நினைவிருந்த இன்னொருத்தி நீதான், நீயும் போய்விட்டாய்.

வடக்கே, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நீ மாடி, நான் கீழே. குளிர் தொடங்கும்போது ஊரிலிருந்து யாராவது நீலகிரித் தைலம் கொண்டுவருவார்கள். காலி எஸன்ஸ் புட்டிகளில் ஊற்றி நாம் பங்கு போட்டுக்கொள்வோம். அந்த ஜனவரியில் எனக்குக் கடும் ஜலதோஷம். காபி வாசனைகூடத் தெரியவில்லை. மகள் கேக் கேட்டு நச்சரித்தாளே என்று வட்ட ஓவனை எடுத்து வைத்து, அவளை ஸ்டூலில் ஏற்றி, மேடையிலிருந்த புட்டியை அவள் கையில் கொடுத்தேன். நாலு வயசுக்காரி சொட்டுச் சொட்டாகவா விடுவாள்? அப்படியே கவிழ்த்தாள். நான் சிரித்துக்கொண்டே கலக்கிவிட்டு, தட்டுக்கு நெய் தடவத் திரும்பினேன்.

உறைமோர் கேட்டு வந்த நீ வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"என்னடி பண்றே, கேக்கா தைலமா? வீடு பூரா அடிக்குது!"

திரும்பிப் பார்த்தேன். குழந்தையின் உதட்டோரத்தில் மாவு. தோளைப் பிடித்து உலுக்கினேன். "தின்னியா? சொல்லுடி, தின்னியா?"

"நஹீ மம்மி, இல்லே" என்று அழுதாள், உதட்டில் மாவை வைத்துக்கொண்டே.

நீ என்னை ஒதுக்கித் தள்ளினாய். "நீ இப்படிக் கத்தினா, நீ கேக்க ஆசைப்படறதைத்தான் அவ சொல்லுவா." தரையில் உட்கார்ந்து, ஏதோ ரகசியம் பேசுவதுபோல அவளிடம் கேட்டாய். "கண்ணு, எப்படி இருந்துச்சு? மீட்டாவா, தித்திப்பா?"

"தீக்கா, காரம். த்தூ பண்ணிட்டேன். தோடா, கொஞ்சூண்டு உள்ள போயிடுச்சு."

ஸ்வெட்டர்கூடப் போடாமல் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அவளைச் சாயங்காலம் வரை அங்கேயே வைத்துப் பார்த்தார். மதியம் அவள் தூங்குகிற நேரம் வேறு. கண் சொருகும்போதெல்லாம் என் உயிர் போய்த் திரும்பியது. தூக்கமா மயக்கமா என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் பையன்கள் பள்ளிவிட்டு வந்து பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். நீ நகரவே இல்லை. இருட்டும் நேரத்தில் அவள் "பூக் லகீ, பசிக்குது" என்றாள். நான் ஓவென்று அழுதேன்.

போன மழைக்காலத்தில் நீ திருச்சியில் இருந்தாய், நான் இங்கே. நீ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாய் என்று கேள்விப்பட்டதும் ஃபோன் போட்டேன். "என்ன சொன்னாங்க? ஒண்ணும் இல்லைதானே? ஏன்டி, ஒண்ணும் இல்லைதானே?" என்று மூச்சுவிடாமல் கத்தினேன்.

"ஒண்ணும் இல்லடி. வெறும் வாயுதான்" என்றாய். அதை நம்பி நிம்மதியாக இருந்தேன். ரயிலேறி வந்து உன்னைப் பார்க்கவில்லை. உனக்கு அப்போதே எல்லாம் தெரியும் என்று உன் பெரியவன் நீ கண்மூடிய பிறகுதான் சொன்னான்.

இப்போது யாருக்கு ஃபோன் செய்தாலும் முதலில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். குரலைத் தணித்துத்தான் கேட்கிறேன். எல்லோரும் என்னிடம் உண்மையைச் சொல்கிறார்கள். உன்னை மட்டும் அப்படிக் கேட்காமல் விட்டுவிட்டேன்.