லாயத்து மூலையில் ஒரு ஜோடி பூட்ஸ்

ஜூன் 6, திங்கள்

விடியும்போதே காற்று. மலைப்பக்கம் சாரல், இங்கே ஒரு துளி இல்லை. சாணக்குவியல்மேல் மூடியிருந்த ஓலையெல்லாம் பறந்து வேலியில். கம்பியை உள்ளே சொருகி, எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். பிடிக்க முடியாத சூடு. நல்லது. அப்படிச் சுட்டால்தான் புழு முட்டையும் களைவிதையும் சாகும் என்பார் என் வீட்டுக்காரர். வளைகுடாவில் குதிரை லாயத்தில் வேலை பார்த்துப் படித்தது.

ஆவி எழும்பும்போது அந்தப் பக்கம் அவர் நிற்கிற மாதிரியே. ராணியும் அங்கே பார்த்துத்தான் கனைக்கிறது. போன வருஷம் செத்த மனுஷன். எனக்கு மட்டும் தோன்றினால் பைத்தியம் எனலாம். குதிரைக்குமா?

பக்கத்து வீட்டுப் பொன்னம்மக்கா வேலிக்கு அந்தப்புறமிருந்து: "ஏட்டி, ஆளத் தின்ன குப்பைய இன்னும் வளத்துக்கிட்டு இருக்கியே! தீ வெச்சிக் கொளுத்து." உன் வேலையைப் பாரு அக்கா. (வாயால் சொல்லவில்லை.)

வாங்க: சீனி, தவிடு, கொசுவர்த்தி.

ஜூன் 8, புதன்

குவியலைப் புரட்டினேன். வெளிப்பக்கம் உள்ளே, உள்பக்கம் வெளியே. காற்றில் காய்ந்து கிடந்தது, தண்ணீர் தெளித்தேன். கிணற்றுப் பக்கம் ஒழுகாமல் வரப்பும் போட்டாச்சு. இடுப்பு போச்சு.

வெறுங்கால்தான். மகள் ஜெனி போனில் ஒரே கத்தல். நர்சிங் படிக்கிற திமிர். "அப்பாக்க பூட்ஸ் அங்க சும்மாதானே கெடக்கு? அதப் போட்டுட்டு எறங்கு. இல்லேன்னா ராணிய வித்துருவேன், பாத்துக்க." விற்பாளாம். அப்புறம் நான் யாரோடு பேச?

பூட்ஸ் லாயத்து மூலையில், சாணி அப்பிக் காய்ந்தபடி, அவர் போட்ட இடத்திலேயே. நான் தொட்டதில்லை. பார்த்தாலே ஆத்திரம். அன்றைக்கு அதைப் போட்டிருந்தால் இன்றைக்கு இருப்பாரே, பாவி மனுஷன்.

அன்றைக்கு லாயத்திலிருந்து வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வந்தார். குதிகாலில் ரத்தம். "ஆணி குத்திட்டு. சாணிதானே, ஒண்ணும் வராது." உப்புத்தண்ணீர் ஊற்றினார், தீர்ந்தது. இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாச் சாணியும், குதிரைச் சாணிகூட, கெடுதல் இல்லாத மாட்டுச் சாணிதான். "படிச்சிப் படிச்சிச் சொன்னேனே, பூட்ஸ் போடாமப் போயி நின்னியளே" என்று கத்தினேன். அவர் எப்போது எதிர்த்துப் பேசினார்? சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் என்றார்கள். வாய் பூட்டிக்கொண்ட பிறகும் அதையே சொல்லித் திட்டினேன். விரலை நீட்டிக் காலைக் காட்டினார். திரும்பத் திரும்ப. வலிக்கிறதாக்கும் என்று தடவிக் கொடுத்தேன். தடவத் தடவக் கண்ணில் தண்ணீர். அந்த விரல் இன்னும் கனவில் வருகிறது.

ஜூன் 9, வியாழன்

மாட்டாஸ்பத்திரி. ராணிக்குக் குடல்புழு மருந்து. டாக்டரிடம் கேட்டேவிட்டேன்: குப்பைச் சூட்டில் அந்த டெட்டனஸ் கிருமி செத்திருக்குமா?

"அது சாவாதும்மா. மண்ணுலயும் சாணியிலயும் கெடக்கத்தான் செய்யும். பூட்ஸ் போடுங்க, ஊசி போடுங்க. வேற வழியில்ல."

பஸ்ஸில் அழுகை. இத்தனை மாசம் நான் புரட்டிப் புரட்டிக் கொன்றதாக நினைத்தது அதைத்தான். கண்டக்டர் மீதிச் சில்லறை தரவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

ஜூன் 11, சனி

காற்று குறைவு. சரி, ஜெனிக்காக என்று பூட்ஸை எடுத்தேன். கனம். தேள் கீள் இருக்குமோ என்று முதலில் கையை விட்டுத் துழாவினேன். கட்டைவிரலில் சுருக்கென்று. ஐயோ, தேள்தான் என்று வீசி எறிந்தேன்.

தேள் இல்லை. உள்ளே, குதிகால் வைக்கிற இடத்தில், ஓர் ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது. கவிழ்த்து, அடியில் காய்ந்த சாணியைச் சுரண்டினேன். ராணியின் லாடத்திலிருந்து விழுந்த ஆணி. தலை மட்டும் வெளியே.

ராணி கனைத்துக்கொண்டே இருந்தது.

ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையம் போனேன். சிஸ்டர் விரலைக் கழுவிக்கொண்டே, "எப்பிடிம்மா குத்திச்சு?" என்று கேட்டாள்.

"அவிய பூட்ஸ் போட்டுத்தான் இருந்தாவ, சிஸ்டர்" என்றேன்.