பதினோரு கை

டீராய் கண்ணு,

நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நீ சுகம் என்று எழுதுவதை நானும் முழுசாக நம்புவதில்லை, அதனால் அந்தப் பேச்சை இரண்டு பேரும் விட்டுவிடுவோம். உயிரோடு இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், கல்லூரிக்குத் துணி துவைக்கப் போய் வருகிறேன், அவ்வளவுதான். அலாஸ்காவில் மே மாதத்திலும் பனி விழுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். கப்பலில் அடுப்புப் பக்கமே நிற்பதால் உனக்குக் குளிராது என்று எழுதியிருந்தாய், சரி. ஆனால் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாதவன் மேல்தட்டில் இருக்கிற பெரிய சட்டியை எப்படி இறக்குகிறாய் என்று கேட்டிருந்தேனே, அதற்கு மட்டும் பதிலைக் காணோம். வருகிற செவ்வாயோடு அப்பா கண்ணை மூடி மூன்று மாதம். போன ஞாயிறு மாதா கோயிலில் அவருக்குப் பூசை வைத்தேன், புதுச் சாமியார் ராய் என்பதை ரே என்று வாசித்துவிட்டார், அந்தப் பூசை வேறு எவன் கணக்கிலாவது போய்ச் சேர்ந்ததோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பாதி அவரைக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது, குட்டி ராய் என்றுதானே உனக்கு அந்தப் பேரே வந்தது.

இங்கே ஊரெல்லாம் பேஸ்பால் பேச்சுத்தான். நீ பந்து எறிந்த வருஷத்துக்குப் பிறகு, பன்னிரண்டு வருஷம் கழித்து, நம் கல்லூரிப் பையன்கள் சீசனை நல்லபடியாக முடித்துவிட்டு மேல் ஆட்டத்துக்கு வாசல்படியில் நிற்கிறார்கள். பாட்டன் ரூஜ் நகரத்தில் இன்று தொடங்குகிறது, ஐந்து நாளில் நான்கு ஆட்டம், இரண்டு தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், எல்லாரையும் ஜெயித்தால் நாட்டின் பெரிய கல்லூரிகளோடு மோதப் போகலாம். உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இப்படி அடுத்தடுத்து ஆடும்போது மட்டை பிடிக்கிறவன் எத்தனை பேர் என்று யாரும் கேட்கமாட்டார்கள், பந்து எறிய எத்தனை கை இருக்கிறது என்றுதான் கேட்பார்கள், ஏனென்றால் ஒரு நாள் முழுசாக எறிந்த கைக்கு ஐந்து நாளாவது ஓய்வு வேண்டும். நம் கோச் மெலான்சன் பேப்பர்க்காரனிடம் எங்களுக்குப் பதினோரு கை இருக்கிறது, குறையே இல்லை என்று சொல்லி அது கொட்டை எழுத்தில் வந்தது. கடையில் அரிசி வாங்கப் போனால் பதினோரு கை, கோயில் வாசலில் பதினோரு கை. நான் படித்த அன்றைக்கே நம்பவில்லை. கோச் சொல்வது பேப்பர்க்காரனுக்குத் தெரியும், கால்சட்டை சொல்வது எனக்குத் தெரியும். நிஜமாக எறிகிறவன் கால்சட்டையின் முட்டியில் பந்து எறிகிற மேட்டின் செம்மண் ஏறியிருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் அரைமணி தேய்த்தால்தான் போகும், பின்பக்கத்தில், பந்து வழுக்காமல் இருக்கக் கையில் தடவுகிற பிசின் பொடி அப்பியிருக்கும். பதினோரு பேர் பையில் நாலு பேர் கால்சட்டைதான் அப்படி வருகிறது, மற்ற ஏழும் நான் மடித்த மடிப்போடு போய் அதே மடிப்போடு திரும்பி வருகிறது. இதைச் சாமான் அறை ஃபெலிக்ஸிடம் சொன்னேன். அவன், நீ பாவசங்கீர்த்தனம் கேக்குற சாமியார் மாதிரி ஏர்லீன், எல்லார் பாவமும் உன் கூடைக்குத்தான் வருது, ஆனா சாமியார் வெளியில சொல்லமாட்டார், அத ஞாபகம் வெச்சுக்க என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அது வேடிக்கையா மிரட்டலா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த நாலு கையில் மூன்று சுமார், ஒரு கைதான் தங்கம், ஜூட் டூசே என்று ஒரு பையன், உன்னைப் போலவே இடது கைக்காரன். நம்பிக்கை விட்டுப்போனவர்களுக்கு மன்றாடுகிற புனிதர் பேர். இந்த வருஷம் ஒன்பது ஆட்டம் வரிசையாக ஜெயித்திருக்கிறான். ஜெயிக்கிற வரைக்கும் உள்ளே போடுகிற கைநீளச் சட்டையைத் துவைக்கக்கூடாது என்று இந்தப் பையன்களுக்கு ஒரு நம்பிக்கை, நீயும் ஒரு தடவை ஏழு வாரம் அப்படி வைத்திருந்து நான் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேனே. ஜூட் ஏப்ரலிலிருந்து அதை என் பக்கமே விடவில்லை. போன வெள்ளிக்கிழமையும் ஜெயித்தான். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவன் பையைக் கவிழ்த்தால் அடியில் ஒரு துண்டுக்குள் சுருட்டி அந்த உள்சட்டை இருந்தது. ஜெயித்தவன் சட்டை எதற்குத் துவைக்க வருகிறது? விரித்துப் பார்த்தேன். இடது கையை மணிக்கட்டிலிருந்து அக்குள் வரைக்கும் கத்தரியால் ஒரே நேராக வெட்டியிருந்தது. ஆணியில் மாட்டிக் கிழிந்தது இப்படி இருக்காது. உடம்பிலிருந்து சட்டையைக் கழற்றக் கையை மடக்க முடியாதபோது இப்படித்தான் வெட்டி எடுப்பார்கள். மருந்தெண்ணெய் வாசம் அடித்தது.

கண்ணு, அந்த வெட்டை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அப்பா சாமான்களை மார்ச்சில் ஒதுக்கும்போது அவருடைய வலை ஊசிப் பெட்டிக்கு அடியில் உன் பழைய உள்சட்டை ஒன்று கிடைத்தது, உன் எண் போட்டது, இடது கை நீளத்துக்கும் தைத்திருந்தது. தையலா அது, வலைமுடிச்சு, மீன் வலையைச் சேர்க்கிற மாதிரி விரற்கடைக்கு ஒரு முடிச்சு. மனுஷருக்குத் தெரிந்த கைவேலை அது ஒன்றுதான். பாசத்தில் எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்து நானும் அழுதுவிட்டு மடித்து வைத்தேன், எதற்குத் தைத்தார் என்று யோசிக்கவில்லை. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து இரண்டு சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே வெட்டு. அப்படியானால் உன் கை போனது ஊரே நினைத்த மாதிரி அந்தக் கடைசி ஆட்டத்தில் இல்லை, அதற்கு முன்னாலேயே போயிருக்கிறது, அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, வெட்டி எடுத்து, தைத்து, அதையே உனக்கு மாட்டி அனுப்பியிருக்கிறார். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொல்லியிருப்பார். அதற்கு நீ பதில் எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். கப்பல் கரைக்கு வரப் பத்து நாள் ஆகும், அடக்கத்துக்கு வர முடியாது என்று நீ சொல்லி அனுப்பினாயே, பூ வளையம் மட்டும் வந்ததே, அப்போது நான் நம்பினேன். இப்போது நம்பவில்லை.

அதற்கப்புறம் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். இது கோச் வேலைதான், பேப்பரில் பதினோரு கை என்று பீற்றிக்கொண்டு இருக்கிற ஒரே கையை முறிக்கிறான் என்று முடிவு பண்ணிவிட்டேன். புதன்கிழமை பார்த்தால் அந்த மனுஷரே துணி அறைக்கு வருகிறார். எட்டு வருஷமாக அந்தப் படி ஏறாதவர், கையில் எனக்கு ஒரு காப்பி வேறு. மிஸ் ஏர்லீன், ஜூட் துணியில ஏதாவது வித்தியாசமா பாத்தீங்களா, பசங்க எங்கிட்ட வாயே திறக்கமாட்டேங்கிறாங்க என்று கேட்டார். எனக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அழுக்கத் தவிர ஒண்ணும் பாக்கலங்க என்று சொல்லிவிட்டேன். சட்டை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. காப்பி ஆறிடும், குடிங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைத் தொட்டிக்குள் ஊற்றினேன்.

வியாழக்கிழமை அந்தப் பையனின் அம்மாவைத் தேடிப் போனேன். ரமோனா என்று பேர், பக்கத்து ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், புருஷன் இல்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பாவம், இவளுக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போனேன், உன் பிள்ளையை ஏமாற்றுகிறார்கள் அம்மா என்று சொல்லலாம் என்று இருந்தேன். பையிலிருந்து சட்டையை எடுத்ததுமே துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு பஸ் கதவை மூடினாள்.

"நான்தான் வெட்டினேன், மிஸ் ஏர்லீன். சனிக்கிழம காலையில கைய மடக்கவும் முடியல, நீட்டவும் முடியல. கோழி வெட்டுற கத்தரியாலதான் வெட்டினேன். கைமறதியா மத்த துணியோட சுருட்டிப் போட்டுட்டேன்."

அவளுக்கு எங்கே தெரியும் அது துவைக்கக்கூடாத சட்டை என்று. அழுக்கைப் பார்த்தால் துவைக்கப் போடுகிற கை. பிறகு சொன்னாள், இன்னும் இரண்டே ஆட்டம், பெரிய டீம் ஆட்கள் பாட்டன் ரூஜுக்குப் பார்க்க வருகிறார்கள், அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அவனே கெஞ்சிக் கேட்கிறான், நீங்கள் இதைப் பார்க்கவே இல்லை என்று இருந்துவிடுங்கள் என்றாள். சட்டைக்குக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நாளைக்கு அவன் தலை வாரக்கூடக் கை ஏறாது, என் மகனுக்கு ஏறவில்லை என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஒங்க வீட்டுலயும் ஒருத்தன் எறிஞ்சான்ல, அன்னைக்கு நீங்க எந்த மூலையில இருந்தீங்க என்றாள். சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியில் அதே யோசனைதான். நான் எந்த மூலையிலும் இல்லை, சமையலறையில்தான் இருந்தேன். அன்றைக்கு அப்பா வந்து வெள்ளை நூல் இருக்கிறதா என்று கேட்டார். டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வலை எல்லாம் பச்சை நூல், இவருக்கு வெள்ளை நூல் எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. கேட்கவில்லை. அடுப்பில் குழம்புக்கு வறுக்கிற மாவு கருகிவிடும் என்று கிண்டிக்கொண்டிருந்தேன். ஊரே உன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது, எனக்கும் அது பிடித்திருந்தது கண்ணு, பொய் சொல்லமாட்டேன்.

நேற்றுக் காலை சட்டையைக் கொண்டுபோய் கோச் மேசையில் விரித்து வைத்தேன். யார் வெட்டியது என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், மணிக்கட்டுப் பக்கம் விரலை வைத்து அக்குள் வரைக்கும் தடவினார். புதன்கிழமையே கேட்டேனே மிஸ் ஏர்லீன் என்றார். கேட்டீங்க, நான் ஒங்கள நம்பல என்றேன். பதினோரு கைன்னு பேப்பர்ல போட்டவர எப்படி நம்புறது என்றும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால், எதிராளி படிப்பான்ல, அவனுக்குச் சொன்னது அது என்றார். பிறகு பென்சிலை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த எறிகிறவர்கள் பட்டியலில் முதல் பேரை அடித்தார்.

மத்தியானம் பையன்கள் பஸ் ஏறினார்கள். வாசலில் நின்று துண்டு எண்ணிக் கொடுத்தேன். ஜூட் என்னிடம் வந்து வலது கையால் துண்டை வாங்கினான், முகத்தைப் பார்க்கவில்லை. ஃபெலிக்ஸ் பேச்சையே நிறுத்திவிட்டான். சாயங்காலம் ரமோனா போன் செய்தாள், ஒங்க பையன் கை போச்சுன்னு எம் பையன் கையையும் கட்டிப் போட்டுட்டீங்க, நல்லா இருங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். இன்று காலை கடையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் நான் வந்ததும் பேச்சை மாற்றினார்கள். தோற்றால் அந்தத் தோல்வி என் தலையில்தான் விடியும், அது நிச்சயம். இன்னும் கால் மணியில் ரேடியோவில் ஆட்டம் தொடங்குகிறது, மற்ற மூன்று கையை அடுத்த ஆட்டங்களுக்கு வைத்துக்கொண்டு, மடிப்புக் கலையாத ஏழு பேரில் ஒருவன்தான் இன்று எறியப் போகிறான், நேற்று அவன் கால்சட்டையை மடிக்கும்போது முட்டியில் ஒரு சிலுவை போட்டு வைத்தேன். ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, நிறைய மண்ணோடு திரும்பி வரட்டும் என்று கேட்டேன். நான் செய்தது சரியா என்று நேற்றிலிருந்து என் நெஞ்சை நானே கேட்டுப் பார்க்கிறேன், சரி என்றுதான் சொல்கிறது, ஆனால் அந்த நெஞ்சின் மேலும் இப்போது எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு. ஈரக் கையுறையோடு இருக்காதே. மேல்தட்டில் எதையும் வைக்காதே, எல்லாவற்றையும் இடுப்பளவுக்கு இறக்கி வைக்கச் சொல், கேட்பதில் வெட்கம் இல்லை. உன் சட்டையை நான் துவைக்கவில்லை, அப்பா தைத்தபடியே இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன், வேண்டாமென்றால் அடுப்பில் போடுகிறேன், அதை மட்டும் எழுது. கடல் மாதா உன் கப்பலைக் கையில் ஏந்திக்கொள்வாளாக, உன் தோளில் அவள் கை இருக்கட்டும்.

உன் அம்மா,
ஏர்லீன்

ஒட்டும் முன்னால் ஒன்று. அன்றைக்கு நீ அப்பாவிடம் போகாமல் சமையலறைக்கு என்னிடம் வந்து, அம்மா கை தூக்க முடியல, ஆனா நாளைக்கு ஆடணும் என்று கெஞ்சியிருந்தால், நான் உன்னைப் பிடித்து உட்கார வைத்திருப்பேனா, இல்லை கத்தரியைத் தேடியிருப்பேனா, டீராய்?