நீ பாடாத ஏழாவது பாட்டு

அப்புனு, என் ராசா,

உன் ஆல்பம் வெளியே வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு சுவரில் உன் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். அக்கா சந்தோஷமாக இருப்பாள் என்று நினைக்கிறாயா? எனக்கு வயிறு எரிகிறது.

நீ பாடி முடித்து வைத்துவிட்டுப் போனது ஆறு ராப் பாட்டு. ஆல்பத்தில் ஏழு இருக்கிறது. மூச்சிழுப்பு வந்து நீ போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. எழுந்து வந்தா ஏழாவதைப் பாடினாய்?

உன் கூட்டாளி தினேஷின் வேலை இது. உன் பழைய பாட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்களாம். அது உன் குரலைக் கற்றுக்கொண்டதாம். யாரோ எழுதிய வரிகளை உன் குரலிலேயே பாடிக் கொடுத்துவிட்டதாம். ஆறு பாட்டு போதாது, கேட்கிறவர்கள் உருகுகிற மாதிரி இன்னொன்று வேண்டும் என்று ஆல்பம் போடுகிற கம்பெனிக்காரர்கள் கேட்டார்களாம்.

அந்தப் பாட்டு என்னைப் பற்றியது, அப்புனு.

அம்மா போன பின்னே அக்காதான் அம்மாவாம். நிலாவைக் காட்டி உனக்குச் சோறு ஊட்டினேனாம். நான் எங்கே ஊட்டினேன்? விடிவதற்குள் உருளைக்கிழங்கு மண்டிக்குத் தரம் பிரிக்கப் போய்விடுவேன். ஒன்பது வயதில் நீயே குக்கர் வைத்து, நீயே தின்றுவிட்டு, நீயே தலை வாரிப் பள்ளிக்கூடம் போனாய். பரீட்சைக்குப் போகாமல் பாட்டு எழுதிக்கொண்டிருந்தாய் என்று விளக்குமாற்றால் அடித்திருக்கிறேன். அதையல்லவா பாட வேண்டும்? உன் ஆறு பாட்டில் மண்டி இருக்கிறது, லாரி இருக்கிறது, பவானி ஆறு இருக்கிறது. நான் இல்லை. ஒரு வரி இல்லை. அதற்காக உன்னிடம் நான் எப்போதாவது முகத்தைத் தூக்கினேனா?

கேட்டவுடனே அது நீ இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஐந்து வரியை ஒரே மூச்சில் சொல்கிறது. நீ எந்தக் காலத்தில் அப்படிச் சொன்னாய்? இரண்டாவது வரிக்கே நெஞ்சு இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தை வெட்டிவிடலாம் என்று தினேஷ் சொன்னபோது, "மூச்சு உடறதும் நாந்தான்டா, இருக்கட்டும்" என்றாயே. இப்போது உன் மூச்சை வெட்டிவிட்டு உன்னைப் பாட வைத்துவிட்டார்கள்.

சோறு தின்னும்போதெல்லாம் அமெரிக்கா ராப்காரர்களின் ஆல்பக் கதைதான் சொல்வாய். கடைக்காரன் வாங்காததால் கார் டிக்கியில் கேசட்டை அடுக்கி விற்றவர்கள் கதையெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனுக்கு, உயிரோடு இருந்தபோது வந்ததைவிடச் செத்த பிறகுதான் அதிக ஆல்பம் வந்தது என்றாய். அவன் விட்டுப்போன துண்டுகளை ஒட்டி, அவன் கண்ணால் பார்க்காத ஆட்களை அவன் பக்கத்தில் பாட வைத்தார்களாம். அன்றைக்கு உனக்கு வந்த கோபத்தில் தட்டையே தள்ளிவிட்டாய்.

"ஏனுங்க்கா, செத்தவன் எந்திரிச்சு வந்து வேண்டாம்னு சொல்லுவானுங்களா? அந்தத் தைரியந்தானுங்க அவனுகளுக்கு."

"சரி சரி, அமெரிக்காக்காரனுக்கு அப்பறம் அழுகலாம். ரசத்தை ஊத்திக்க" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னேன். ஆனால் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். அப்படிக் கேட்டவளே கோட்டை விட்டேன். தினேஷ் வீட்டுக்கு வந்து, "அக்கா, கம்ப்யூட்டர்ல ஒரு பாட்டு சேத்தியிருக்கறமுங்க, ரிலீஸ் பண்ணிரலாமுங்களா?" என்றான். பாட்டைப் போட்டுக்கூடக் காட்டவில்லை. "சரிங்க தம்பி" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் வெளியீட்டு விழா. என்னை முன்வரிசையில் உட்கார வைத்து ஏழாவது பாட்டைப் போட்டார்கள். கேமராவை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார்கள். நான் அழுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"ஆறு பாட்டு எந்தம்பி பாடுனதுங்க. இது அவன் பாடலீங்க. அவன் பேரை இதுல இருந்து எடுத்துப்போடுங்க" என்றேன். மைக் செத்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் தினேஷ் கத்தினான். "நீங்கதானக்கா சரின்னீங்க?"

"ஆமாங்க தம்பி. ஊட்டுக்கு வாரவங்க எதைச் சொன்னாலும் சரிங்கன்னுதான் எனக்கு வாயில வரும். அன்னிக்கு உங்களைத் தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டேன். நீங்களுந்தான் சரிங்கன்னீங்க. டம்ளரைத் தொட்டீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும், "எல்லாருக்கும் புடிச்சிருக்குதுங்க்கா. இனி எடுக்க முடியாதுங்க" என்றுதான் சொன்னான். யாருக்குப் பிடித்தால் என்ன? உனக்குப் பிடிக்குமா என்று ஒருத்தன் கேட்டானா?

மைக்கைத்தான் அணைக்க முடியும். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

நேற்று காரமடை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மிணி என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களைப் பத்தி எப்படிப் பாடியிருக்கறானுங்க! குடுத்து வெச்சவங்க நீங்க."

"அது அவனில்லீங்க. மிஷினுங்க."

"அதனால என்னுங்க? அவன் மனசுல இருந்திருக்குமில்லீங்க?"

ஊரையே எதிர்த்துப் பேசிய நான், என் ஸ்டாப் வருவதற்கு முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பாட்டை மூன்று தடவை கேட்டேன். உன் குரலில் அது "அக்கா" என்கிறது. பொய் என்று தெரிந்தும் அணைக்க முடியவில்லை. அவர்கள்மேல் இருக்கிற கோபத்தைவிட அந்த நேரம் என்மேல் வந்த கோபம்தான் பெரியது.

இருந்தாலும் விடமாட்டேன். அந்தப் பாட்டில் இருந்து உன் பேரை எடுக்கும்வரை, மண்டிக்கு லீவு போட்டாவது ஒவ்வொரு ஆபீஸ் படியாக ஏறி இறங்குவேன். இனி உன் குரலைக் கொடு என்று கேட்டு யார் வந்து நின்றாலும் முடியாதுங்க என்றுதான் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அந்த அம்மிணிக்குச் சொல்ல வேண்டிய பதில் மட்டும் உன்னிடம்தான் இருக்கிறது. நிஜமாகச் சொல் அப்புனு, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால், என்னைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பாயா?

உன் கூடப் பிறந்தவள்,
சரசு