கீழே ஒத்திகை, மேலே நீ

மச்சான்,

நேற்று ரயில் வேகம் குறைந்து அந்த ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே என் கைப்பேசி தானாகப் போய் வைஃபையில் ஒட்டிக்கொண்டது. நான் எதையும் தொடவில்லை. சட்டைப் பையில் கிடந்தது ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் மூன்று மொழியில் நல்வரவு, சிக்னல் முழுதாக நிற்கிறது. எதிரே இருந்த ஒரு பெண் தன் அம்மாவிடம், "இங்க லைன் நல்லா இருக்கும்மா, இப்பவே போன் போட்டுப் பேசு" என்றாள். அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது? ஆனாலும் எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. இப்போதெல்லாம் என் கோபம் ஆள் பார்த்து வருவதில்லை.

நடைமேடையில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக நம் வைஃபை பெட்டிகள். முதல் மூன்றுக்கும் உலோக சீலிங்கில் வெட்டிய துளை வட்டமாக, ஓரம் சீவி, சுத்தமாக இருக்கிறது. அவை நீ வெட்டியவை. அதற்கு அடுத்ததிலிருந்து எல்லாம் கோணல். உனக்குப் பிறகு யாரையோ பிடித்து வந்து அவசரமாக முடித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

நான் அங்கே போனது வேலைக்காக. புதிதாக ஒரு காத்திருப்புக் கூடம் கட்டுகிறார்கள், அதற்கும் வைஃபை வேண்டுமாம். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஏன் கூப்பிட்டார்கள் என்று பிறகு சொல்கிறேன்.

நீ ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. உன்மேல் எனக்கிருக்கும் பெரிய கோபமே அதுதான். சுங்கை பட்டாணியில் கேபிள் வேலைக்கான வகுப்பில் சேர்ந்த முதல் நாளே பார்த்தேனே. நான் மெர்போக்கிலிருந்து பஸ் மாறி வந்து, கடைசி நாற்காலிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். லூனாஸிலிருந்து வந்த நீ சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "விடு மச்சான், நின்னா தூக்கம் வராது" என்றாய். முன்பின் தெரியாத என்னை அன்றைக்கே மச்சான் ஆக்கிவிட்டாய். கூலிம் ஹைடெக் பூங்காவில் நம் முதல் வேலை, பிறகு காலேஜ், பேரங்காடி, ஆஸ்பத்திரி என்று சுற்றிய காலமெல்லாம் உன் வாயில் ஒரே வார்த்தைதான்: "பார்த்துக்கலாம் லா." சம்பளம் தாமதமானாலும் பார்த்துக்கலாம், ஏணி ஆடினாலும் பார்த்துக்கலாம். உனக்கும் சேர்த்து நான்தான் எல்லோரிடமும் கத்தினேன். கத்துகிறவன் கெட்டவன், சிரிக்கிறவன் தங்கமான பையன். அந்தப் பெயரும் உனக்கே போனது.

வயர்லெஸ் என்பது பெயர்தான். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் கூரைக்குள் ஒரு வயர் ஓடுகிறது. அதை இழுக்க ஒருவன் உள்ளே தவழ வேண்டும். இது ஜனங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நம்மை வேலைக்கு வைத்தவர்களுக்குத் தெரியாதா என்பதுதான் என் கேள்வி.

ஆஸ்பத்திரி வேலை நினைவிருக்கிறதா? நீ மேலே சீலிங்குக்குள், நான் கீழே. அங்கே போன் எடுக்காது. அதனால் நான் பிவிசி குழாயால் சீலிங்கில் இரண்டு தட்டு தட்டுவேன், நீ மேலிருந்து இரண்டு தட்டுவாய். பதில் வராவிட்டால் கீழே இருப்பவன் காரணம் தேடாமல் உடனே ஏற வேண்டும். நாமாக வைத்துக்கொண்ட சட்டம். அன்று மத்தியானம் நான் தட்ட, பதில் தட்டு வர, நிம்மதியாக கோப்பி குடிக்கப் போனேன். கடையில் நீ எனக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாய். அந்தப் பக்க வழியாக எப்போதோ இறங்கிவிட்டாயாம். அப்படியானால் மேலே யார்? இருவரும் ஓடிப்போய் மறுபடி தட்டினோம். மறுபடி பதில். பார்த்தால் பக்கத்து வார்டில் படுத்திருந்த ஒரு மலாய்ப் பெரியவர், ஒரு பாக்சிக், பொழுது போகாமல் கைத்தடியால் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நம்மைப் பார்த்ததும், "சியாப்பா மாயின் கெண்டாங்?" என்று கேட்டார். யாரப்பா மேளம் அடிக்கிறது என்று நம்மையே கேட்கிறார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"இனிமே உறுமி அடி வச்சுக்கலாம் மச்சான். பாக்சிக்குக்கு அது வராது."

லூனாஸ் கோயில் உறுமி மேளத்தில் வாசித்த கை உன்னுடையது. தைப்பூசத்தில் காவடிக்கு அடிக்கிற அந்த அடியை எனக்குப் பழக்கினாய். நான் பாதி தட்டுவேன், மீதியை நீ மேலிருந்து முடிப்பாய். என் பாதி எப்போதும் தாளம் தப்பியிருக்கும். "கொல்றியே மச்சான்" என்று மேலிருந்து குரல் வரும். அதற்கப்புறம் எந்த வேலையிலும் நாம் அதை விடவில்லை.

அந்த ஸ்டேஷன் வேலையில் ஆரம்பமே சரியில்லை. பழைய ஸ்டேஷனைப் புதுப்பித்து, பஸ் நிற்கும் இடத்தையும் அதோடு சேர்த்து, மேலே பளபளவென்று உலோக சீலிங் போட்டார்கள். வைஃபை பெட்டி வெளியே தெரிந்தால் அழகு கெடும், சீலிங்குக்கு உள்ளே வையுங்கள் என்று உத்தரவு. உலோகத்துக்கு மேலே வைத்தால் சிக்னல் கீழே வராது என்று நான் சொன்னேன், நீ சொன்னாய், நம் பாஸும் சொன்னார். மூடுவதற்கு முன்னால் ஒரு சோதனையாவது பார்க்கிறோம் என்று கேட்டோம். முதலில் மூடு, பிறகு பார் என்றார்கள். மூடிய பிறகு பார்த்தார்கள். நடைமேடையில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. திறப்பு விழாவுக்கு வாரம்கூட மிச்சம் இல்லை.

ஆக, மறுபடி மேலே ஏறி, துளை வெட்டி, பெட்டிகளைக் கீழே இறக்க வேண்டும். கெடாவில் வெயில் கொளுத்துகிற மாதம். மேலே தகரக் கூரை, கீழே உலோக சீலிங், நடுவில் நாம். விடிந்ததும் ஏறி வெயிலுக்கு முன் இறங்கிவிடுகிறோம் என்று கேட்டோம். காலையில் தரை மெழுகுகிற ஆட்கள் இருக்கிறார்கள், தூசி விழும், மத்தியானம் ஏறுங்கள் என்றார் ஸ்டேஷன் வேலையைப் பார்த்துக்கொண்ட மேனேஜர். கோலாலம்பூரிலிருந்து வந்த நம் ஆள். தமிழில்தான் பேசுவார், 'பிரதர்' போடாமல் பேச மாட்டார். தரை பாழாகக் கூடாது. மனுஷன் வெந்தால் பரவாயில்லை. கூரைக்குள் போன் எடுக்காது; இருந்த இரண்டு வாக்கி-டாக்கியையும் வரவேற்புக் குழுவுக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள்.

அன்று காலை நாம் சாப்பிட்டதை யார் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். உனக்கு இனிப்பு நீர் வந்ததிலிருந்து உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், படுத்திய பாடு அப்படி. கடையில் உட்கார்ந்ததும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாய். "பார்த்தியா, உன் தங்கச்சி சந்தோஷப்படுவா" என்று அந்தச் சின்ன மெஷினை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். ரொட்டி சானாய் தின்றாய், சீனி இல்லாத கோப்பி குடித்தாய், மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலி உறையை என் பையில் திணித்தாய். குப்பைத் தொட்டி தூரமாம்.

ஏறுவதற்கு முன் நீ மேனேஜரிடம் போய்ச் சொன்னாய். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்துக்கலாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன்.

"சார், மேல ரொம்ப பானாஸ், சூடு தாங்காது. இவன் கீழயே இருக்கணும். இவன் தட்டி நான் பதில் தட்டினாதான், நான் நல்லா இருக்கேன்னு தெரியும்."

"ஓகே பிரதர், ஓகே" என்றார் அவர்.

நீ ஏறினாய். நான் தட்டினேன், நீ முடித்தாய். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்குள் கீழே பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி, வரவேற்புப் பாட்டு ஒத்திகை ஆரம்பித்துவிட்டார்கள். நான் மறுபடி குழாயைத் தூக்கியதும் மேனேஜர் ஓடி வந்தார்.

"என்ன பிரதர் இது, கோயில் மேளமா? சத்தம் வேணாம் லா. ரிஹர்சல் நடக்குது, பெரிய ஆளுங்க பார்த்துட்டு இருக்காங்க."

அவன் மேலே இருக்கிறான், நீங்கள் கேட்டீர்கள்தானே என்றேன். கேட்டேன், கேட்டேன் என்றார். டிக்கெட் கூடத்தில் பெரிய திரை வேலை செய்யவில்லை, வரவேற்புப் படம் ஓட வேண்டும், போய்ப் பாருங்கள் என்றார். முடியாது என்றேன். அங்கேயே நின்று நம் பாஸுக்கு போன் போட்டார். பாஸ் என்னிடம் பேசினார்: "போயிட்டு வந்துடு தம்பி, அஞ்சு நிமிஷம். அங்க ஒரு ஆள நிறுத்தச் சொல்லிட்டேன்." மேனேஜரும் தலையாட்டினார். ஒருவரையும் நிறுத்தவில்லை, மச்சான். திரையில், திறந்து வைக்க வருகிற பெரிய மனிதர் படம் சிரித்துக்கொண்டு தெரிகிற வரைக்கும் என்னை விடவில்லை.

திரும்பி ஓடி வந்து தட்டினேன். பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கையை ஆட்டி நிறுத்து என்கிறார். நான் உடைந்துபோகிற மாதிரித் தட்டினேன். பாதி அடி கீழேயே நின்றது, மீதி வரவில்லை. ஏறினேன். மூன்றாவது பெட்டிக்குப் பக்கத்தில் நீ குப்புறக் கிடந்தாய். உன் முதுகைத் தொட்ட கையை என்னால் வைத்திருக்க முடியவில்லை. அவ்வளவு சூடு. ஆம்புலன்சைக்கூட முன் வாசலுக்கு வர விடாமல், அலங்காரம் இருக்கிறது என்று பின் பக்கம் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் நீ கண்ணே திறக்கவில்லை.

திறப்பு விழா குறித்த நாளில் நடந்தது. வைஃபை அருமையாக வேலை செய்கிறது என்று பேசினார்களாம்.

இனி ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று சொல்கிறேன். உன் கருமாதி அன்று தங்கச்சி உன் படத்துக்கு மாலை போட்டாள். போடும்போது உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சொட்டு கண்ணீர் இல்லை. நான் துக்கம் என்று நினைத்தேன். பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"மாத்திரை போடாம, சாப்பிடாம, உடம்பு முடியலன்னு யார்கிட்டயும் சொல்லாம ஏறிட்டாராமே அண்ணே. மேனேஜர் மலர்வளையம் எடுத்துட்டு வந்தப்போ சொல்லி வருத்தப்பட்டாரு. எத்தன தடவ சொல்லியிருப்பேன். நானும் வேணாம், வீடும் வேணாம்னுதானே ஏறியிருக்காரு?"

கொன்றது போதாது என்று, செத்தவனை அவன் பெண்டாட்டிக்கே குற்றவாளி ஆக்கிவிட்டுப் போயிருக்கிறான் பாவி. வீடு நிறைய சொந்தக்காரர்கள். அங்கே வைத்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் எனக்கு அழைப்பு வந்தது. புதுக் கூடத்து வேலை. நேற்று போனேன் என்றேனே, அதற்குத்தான். மேனேஜர் தோளில் கை போட்டு நடைமேடை நெடுகக் கூட்டிப் போனார். "நாளன்னிக்கு விசாரணையில உங்களக் கேப்பாங்க பிரதர். அவருக்கு ஏற்கனவே உடம்பு சரியில்லன்னு மட்டும் சொன்னா போதும். பொய் இல்லையே? சுகர் இருந்துச்சுதானே? இந்த வேலை முழுக்க உங்களுக்குத்தான்." நான் அவர் கையை எடுத்துக் கீழே விட்டேன். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. நீ இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாய்.

அங்கிருந்து நேரே லூனாஸ் போனேன். தங்கச்சி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்கார வைத்து, அன்று காலை விரலைக் குத்தியதிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். நீ மேனேஜரிடம் பேசியதை, உன் வார்த்தை மாறாமல் சொன்னேன். அவள் கையில் இருந்த ஈரத் துணி மடியை நனைத்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள்:

"அப்போ அவரு மாத்திரை போட்டாரா அண்ணே?"

"போட்டான்மா."

"சாப்பிட்டாரா?"

"என் கூடத்தான் சாப்பிட்டான். சீனி இல்லாத கோப்பி. நீ சந்தோஷப்படுவேன்னு சொன்னான்."

அதற்கப்புறம் அழுதாள். நீ போனதிலிருந்து நேற்றுதான் முதல் அழுகை. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள், கோபத்தை விடு, மனசு ஆறட்டும் என்று. ஆறக் கூடாது, மச்சான். ஆறினால் அந்த மேனேஜர் சொன்ன கதைதான் நிற்கும். நீ இத்தனை வருஷம் படாமல் விட்ட கோபம் எல்லாம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு அது கனமாக இல்லை. வேலை போய்விட்டது. பாஸும் இன்று காலையில் போன் செய்து, கொஞ்ச நாள் வீட்டில் இரு தம்பி என்றார். இருக்கிறேன்.

நாளைக்கு விசாரணை. மேனேஜரும் வருவார். தங்கச்சி பஸ்ஸில் வந்து சேர்கிறேன் என்றாள், நான் காடி ஓட்டி வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் உள்ளே வர வேண்டியதில்லை, வெளியே உட்கார்ந்திருக்கலாம் என்றும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது இது:

"நானும் உள்ள வரேன் அண்ணே. நீங்க சொல்லும்போது அந்த ஆளு மூஞ்சிய நான் பார்க்கணும்."